தம்பிக்கு வைக்கும் சல்யூட்

நுகுஅலோஃபா,
செவ்வாய்க்கிழமை, விடாத மழை.

அன்பும் மரியாதையுமுள்ள அம்மாவுக்கு, உங்கள் மூத்த மகள் லெசீலி பணிவோடு எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் நானும் உங்கள் பேத்தி லூப்பேயும் நலம். மாப்பிள்ளையும் குயின்ஸ்லாந்து வாழைத்தோட்டத்தில் நலமாக இருப்பதாகச் சேதி வந்தது. உங்கள் உடம்பு எப்படியிருக்கிறது? ரத்தம் சுத்தம் செய்யும் அந்த மெஷினிலிருந்து எழுந்தால் அன்றைக்கு முழுக்கக் கை கால் விழுந்துபோய்க் கிடக்கிறீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். ஆக்லாந்துக் குளிரும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி பாதிரியாரின் மனைவியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. போனில் பேசினால் தங்கச்சி வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். இது எல்லோரும் கேட்கிற விஷயம் இல்லை.

தம்பி கெலெபியை எங்கள் கப்பலுக்கே மாற்றிவிட்டார்கள். ஆமாம், லுலுங்காவுக்கு. கேப்டன் ஹவேயாவுக்கு அடுத்தபடி இப்போது அவன்தான். உங்களிடம் சொல்லும்போது சந்தோஷமாகத்தான் சொல்லியிருப்பான். எனக்கும் சந்தோஷம்தான். அப்பா போனபிறகு நான் கடற்படையில் சேர்ந்ததே அவன் பள்ளிக்கூடம் நிற்கக்கூடாது என்றுதானே. அவன் வெளிநாட்டுக் கல்லூரியில் பயிற்சி முடித்து, தோளில் தங்கப் பட்டையோடு விமானத்திலிருந்து இறங்கிய அன்று நான் அழுத அழுகை உங்களுக்குத் தெரியும். ஆனால் அம்மா, அவன் கரையில் ஆபீசில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. இருபது பேர் இருக்கிற ஒரு ரோந்துக் கப்பலில், ஒருவர் போனால் இன்னொருவர் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டிய நடைவழியில், அக்காவும் தம்பியும் எப்படி இருப்பது?

வீட்டில் அவன் எப்படி என்று நீங்கள்தானே வளர்த்தீர்கள். நம் ஊர் முறையில் தம்பியைவிட அக்கா உயர்வு என்று, நான் படுக்கிற அறைக்குள் இன்றுவரை கால் வைத்ததில்லை. நான் நாற்காலியில் இருந்தால் அவன் பாயில். தோட்டத்தில் முதல் வள்ளிக்கிழங்கு தோண்டினால் எனக்குத்தான் வரும். லூப்பே போன மாதம் அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, "இது எனக்கு" என்றாள். அக்கா மகளுக்கு இல்லாத உரிமையா! அவன் சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

கப்பலிலோ அவன் அதிகாரி, நான் போசன். டெக்கும் கயிறும் படகும் என் பொறுப்பு. கப்பல் துறையில் கட்டியிருக்கிற நாட்களில், காலையில் அவன் பலகை ஏறி வரும்போது வாசலில் நான் நிற்பேன். நான்தான் அவனுக்கு முதலில் சல்யூட் வைக்க வேண்டும்.

முதல் நாள் வைத்தேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். யாரோ அறைந்த மாதிரி இருந்தது. பதிலுக்குக் கை தூக்கினான், ஆனால் கழுத்து தானாகக் குனிந்துவிட்டது. பெரியவர்கள் முன்னால் குனிவது போல. வாசல் காவலுக்கு நின்ற இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தான். எங்கள் கடற்படையில் வெறுந்தலைக்கு சல்யூட் கிடையாது. விறைப்பாக நின்றால் போதும். அதைப் பிடித்துக்கொண்டான். நான் விறைப்பாக நிற்க, அவன் வெறுந்தலையோடு சரசரவென்று உள்ளே போய்விடுவான். பின்பக்கம் பறக்கிற கொடிக்குக்கூட சல்யூட் இல்லை. நின்று முகத்தைத் திருப்பிப் பார்ப்பதோடு சரி. ஒரு வாரம் இப்படியே போனது. கேப்டன் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? "ஏம்ப்பா லெப்டினன்ட், கக்கத்துல வச்சிக்கிட்டு வர்றதுக்கு அது என்ன தொப்பியா, கோழிக்குஞ்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். "தலை அரிக்குது சார்" என்றானாம். "அரிச்சா மொட்டை அடி. தொப்பியைப் போடு" என்றாராம்.

அது சிரிப்பு. சிரிப்பாக இல்லாதது வேறு. நான் இருக்கிற இடத்தில் அவனும் இருந்தால் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அக்கா தம்பி எதிரில் ஒரு அசிங்கமான பேச்சு வந்துவிடக் கூடாதே என்று ஆட்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். சமையல்காரர் பௌலியாசி என்னிடம் வந்து, "அக்கா, ஒண்ணு நீங்க முதல்ல சாப்பிட்டுப் போயிருங்க, இல்ல அவரு முதல்ல சாப்பிடட்டும். கப்பலு கோயில் மாதிரி ஆயிருச்சு. சிரிக்காம சாப்பிட்டு எல்லாருக்கும் வயிறு மந்தமா இருக்கு" என்றார். அன்றிலிருந்து நான் தட்டை எடுத்துக்கொண்டு டெக்குக்குப் போய்விடுகிறேன். காற்றில் சோறு சீக்கிரம் ஆறிவிடுகிறது.

அம்மா, நான் சொன்னால் அவன் காதில் ஏறாது. நான் அவனிடம் இதைப் பேசவும் முடியாது. நீங்கள் சொல்லுங்கள். அக்கா கை தூக்குவது உனக்கு இல்லை, உன் தொப்பியில் இருக்கிற ராஜாவின் கிரீடத்துக்கு என்று சொல்லுங்கள். மற்ற எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். எனக்கு மட்டும் என்ன வந்தது?

உங்கள் கால் வீக்கம் குறைய ஜெபித்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மகள்
லெசீலி


நுகுஅலோஃபா,
சனிக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு லெசீலியின் வணக்கம்.

நீங்கள் அவனிடம் பேசியது எனக்குத் தெரியும். "அதிகாரின்னா அதிகாரியா இரு, என் மவளைத் தர்மசங்கடப்படுத்தாதே" என்று சொன்னீர்களாம். தங்கச்சி சொன்னாள். அவன் முயற்சி செய்தான் அம்மா. நான் பொய் சொல்ல மாட்டேன். தொப்பி போட்டு வந்தான். கழுத்து குனியாமல் கை தூக்கப் பழகினான். என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு வைப்பான், ஆனாலும் வைத்தான். "சரி, ஓடிவிடும்" என்று நினைத்தேன்.

நடந்ததை வேறு யாராவது உங்களிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கேப்டனுக்குக் கால் விரல் வீங்கி எழுந்திருக்க முடியாமல் போனது. அந்தப் பயணத்துக்கு கெலெபியே கப்பலைக் கொண்டுபோனான். முதல் தடவை. நொமுகா தீவுப் பக்கத்தில் ஒரு மீன்பிடிப் படகு எஞ்சின் நின்றுபோய்ப் பவளத்திட்டை நோக்கி அடித்துக்கொண்டு போவதாக ரேடியோவில் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் உள்ளே. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. தென்கிழக்குக் காற்று. திட்டில் அலை உடைகிற சத்தம் எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்டது. கப்பல் கிட்டே போக முடியாது, ஆழம் இல்லை. ரப்பர் படகை இறக்கி, ஓட்டிக்கொண்டு போய், அவர்களை ஏற்றி வர வேண்டும்.

அந்தப் படகை ஓட்டுவது என் வேலை. நான் இல்லாவிட்டால் ஃபெட்டூ. நல்ல கை அவனுக்கு. ஆனால் அந்தத் திட்டில் நீர் எப்படிச் சுழலும் என்று அவனுக்குப் பழக்கமில்லை, எனக்கு உண்டு. நான் மிதவைச் சட்டை கட்டி, ஹெல்மெட் மாட்டி, படகருகில் நின்றேன். மேலே பார்த்து, "படகு தயார் சார்" என்றேன்.

கெலெபி மேல்தட்டின் ஓரத்துக்கு வந்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. திட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு, "ஃபெட்டூ போகட்டும்" என்றான்.

"சார், அவனுக்கு இந்தத் திட்டு பழக்கமில்ல" என்றேன்.

"போசன் டெக்கிலேயே இருக்கட்டும். இது உத்தரவு" என்றான்.

இருக்கச் சொல்ல அவனுக்கு நாக்கு வந்தது அம்மா. போகச் சொல்லத்தான் வரவில்லை. அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது புரிந்தது. நான் மிதவைச் சட்டையைக் கழற்றி ஃபெட்டூவிடம் கொடுத்தேன். அவன் அதைக் கட்டிக்கொண்டே, "விடுங்கக்கா, போயிட்டு வந்துர்றேன். வந்தா பௌலியாசிகிட்ட டபுள் சாப்பாடு வாங்கித் தாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

ஐந்து பேரையும் காப்பாற்றினான். கடைசி ஆளை ஏற்றும்போது பின்பக்கமாக வந்த சுழலை அவன் கவனிக்கவில்லை. இரண்டு படகும் மோதிக்கொண்டதில் வலது கை நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போய்விட்டது. அவனைத் தூக்கி டெக்கில் கிடத்தியபோது கையில் துணி சுற்றியது நான்தான். கெலெபி மேலேயிருந்து இறங்கி வந்து நின்றான். யாரும் அவனிடம் பேசவில்லை.

விசாரணை வைத்தார்கள். கேப்டன் ஹவேயாவும் கரையிலிருந்து இரண்டு அதிகாரிகளும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் மேசைக்கு சல்யூட் வைத்தேன். கெலெபி ஓரமாக நின்றான். குற்றம் சுமந்து நிற்பவனைத் தொப்பி கழற்றச் சொல்வது எங்கள் வழக்கம். வெறுந்தலையோடு நின்றான், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வந்து கதவருகில் நிற்பானே, அதே மாதிரி. அவனுக்குக் கை தூக்க வேண்டியிராத இடத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு அவனை நேராகப் பார்த்தேன். மெலிந்திருந்தான்.

திட்டு தெரிந்த போசனை ஏன் அனுப்பவில்லை என்று அவனிடம் கேட்டிருக்கிறார்கள். "தப்பு என்னோடது" என்று மட்டும் சொன்னானாம். என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். என்ன செய்வேன் அம்மா? உள்ளதைச் சொன்னேன். "நான் அவருக்கு அக்கா. நான் படுக்கிற ரூமுக்குள்ள காலடி வைக்காத பிள்ளை. அன்னிக்கு 'நீ போய் அந்த அலைக்குள்ள விழு'ன்னு என்கிட்ட சொல்ல அவருக்கு வாய் வரல. பயந்து செஞ்சது இல்ல. உங்களுக்கும் அக்கா தங்கச்சி இருக்காங்கல்ல சார்" என்றேன்.

மூன்று பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். கடைசியில் எழுத்தில் ஒரு கண்டனம் கொடுத்தார்கள், வேலை போகவில்லை. இரண்டு பேரில் யாராவது ஒருவர் கரைக்கு மாற்றம் கேட்டால் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள்.

அவன் மாற்றம் கேட்கவில்லை. வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். கேப்டன் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, விடுப்பு கொடுத்து அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை விமானத்தில் உங்களிடம் வருகிறான். உங்களைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்பான். வந்ததும் திட்டாதீர்கள். சேப்பங்கீரையில் ஆட்டிறைச்சி பொதிந்து, தேங்காய்ப்பால் விட்டுத் தங்கச்சியைச் செய்து கொடுக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று பௌலியாசி சொன்னார்.

எனக்கு அசதியாக இருக்கிறது அம்மா. வேறு ஒன்றும் இல்லை.

உங்கள்
லெசீலி


நுகுஅலோஃபா,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அன்புத் தம்பி கெலெபிக்கு, அக்கா எழுதுவது.

அம்மாவின் கால் எப்படியிருக்கிறது? மெஷினுக்கு அழைத்துப்போகும்போது கூடவே இரு. ஊசி குத்தும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். உன்னிடம் நேரில் இத்தனை வார்த்தை நான் பேசியதில்லை. பேசவும் மாட்டேன். காகிதத்தில் பேசினால் தப்பில்லை என்று நினைத்து எழுதுகிறேன். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஃபெட்டூவைப் பார்த்தேன். காயம் ஆறி வருகிறது. கரையில் ஸ்டோர் வேலை கொடுக்கப்போகிறார்கள். "இனிமே என் சல்யூட்டுல ரெண்டு விரல் குறையுது, எந்த அதிகாரியாவது சண்டைக்கு வந்தா நீங்கதான் பேசணும்கா" என்று சிரித்தான். உன்மேல் அவனுக்குக் கோபம் இல்லை. அவன் மனைவிக்கு இருக்கிறது. அது அவள் உரிமை. நீ வந்து அவள் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். அங்கே ஒளிந்துகொண்டால் அது முடியாது.

அத்தை மெலனைதே வந்திருந்தார். உனக்குத் தெரியும், அப்பாவின் அக்கா ஒரு வார்த்தை சொன்னால் நம் வீட்டில் மறுபேச்சு கிடையாது. "பொம்பளைக்கு எதுக்குடி கப்பலு? அவன் படிச்ச பையன், பேரு சொல்றவன். அவனை இப்படிக் கூனிக் குறுக வச்சிட்டு நீ என்ன சாதிக்கப்போற? எறங்கி வா" என்றார். பாயில் உட்கார்ந்து தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டுவிட்டு, "இல்ல அத்தை, இறங்க மாட்டேன்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. அத்தை தான் கொண்டுவந்த பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இன்று கோயிலில் என் பக்கம் திரும்பவில்லை.

எல்லோருக்கும் இதற்கு ஒரு சுலபமான வழி தெரிகிறது தம்பி. ஒன்று நான் போக வேண்டும், இல்லாவிட்டால் நீ. நீயும் அதையேதான் செய்தாய்.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. விசாரணையில் சொல்லாததை இங்கே சொல்கிறேன். அன்று நீ எனக்கு மரியாதை செய்ததாக நினைத்தாய். பதினாறு வருஷம் நான் கற்ற வேலை, என் உடம்புக்கே தெரிந்த வேலை. அது தேவைப்பட்ட ஒரே மணி நேரத்தில், எல்லார் கண் முன்னாலும் என் மேலிருந்து அந்த மிதவைச் சட்டையைக் கழற்ற வைத்தாய். இத்தனை வருஷத்தில் எந்த அதிகாரியும் என்னை அப்படிச் சிறுமைப்படுத்தியதில்லை. கண்டபடி திட்டியவர்கள் உண்டு. குடித்துவிட்டுக் கத்தியவர்கள் உண்டு. ஆனால் "நீ போ" என்றுதான் சொன்னார்கள்.

வீட்டில் நான் உன்னைவிட உயரம். அது நம் ஊர் எனக்குக் கொடுத்தது, நான் ஒன்றும் செய்து வாங்கவில்லை. பிறந்ததால் வந்தது. போசன் என்கிற பெயர் நான் வாங்கியது. நீ எனக்கு ஒன்றைக் காப்பாற்றிக் கொடுப்பதாக நினைத்து, இன்னொன்றை எடுத்துக்கொண்டாய்.

கேப்டனைப் போய்ப் பார்த்தேன். கால் இன்னும் ஸ்டூல் மேல்தான். மாற்றம் கேட்கிறாயா என்றார். இல்லை என்றேன். அவனும் வேண்டுமா என்றார். ஆமாம் என்றேன். "ரெண்டு பேரையும் வச்சிக்கிட்டு நான் கப்பல் ஓட்டணுமா, இல்ல குடும்பப் பஞ்சாயத்து பண்ணணுமா?" என்று சத்தம் போட்டார். பிறகு, "அவன் வரட்டும்" என்றார். உன் காகிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஒரு சின்ன வழக்கம் ஞாபகம் இருக்கிறதா? பதவியில் சிறியவன் சல்யூட் வைத்தால், பெரியவன் பதிலுக்குக் கை தூக்கி இறக்குகிற வரை அவன் கையை இறக்கக்கூடாது. நீ பார்க்காமல் போனாலும் தூக்கிய கை அப்படியே நிற்க வேண்டும். அந்த வாசலில் நான் உனக்கு வைத்துவிட்டேன். நீ என் முகத்தைப் பார்த்து ஒரு தடவைகூடத் திருப்பி வைக்காமல் ஆக்லாந்துக்குப் போய்விட்டாய்.

கை வலிக்கிறது கெலெபி. வந்து இறக்கிவிடு.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. அம்மாவின் கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம்.

அக்கா


நுகுஅலோஃபா,
கிழங்கு அறுவடை ஆரம்பித்த வாரம்.

அன்பும் மரியாதையுமுள்ள அம்மாவுக்கு மகள் லெசீலி எழுதுவது.

பாதிரியாரின் மனைவி மறுபடி அங்கே வருகிறார், அதனால் இந்தக் கடிதம். லூப்பே வரைந்த படம் உள்ளே இருக்கிறது. பச்சையாக இருப்பது நீங்கள், கோடு கோடாக இருப்பது மெஷினாம்.

கெலெபி திரும்பி வந்த செய்தியை அவனே சொல்லியிருப்பான். எப்படி வந்தான் என்று சொல்லியிருக்க மாட்டான். காலையில் துறையில் தொப்பியோடு நடந்து வந்தான். பலகை ஏறினான். கொடிக்குத் திரும்பி சல்யூட் வைத்தான். நான் அவனுக்கு வைத்தேன். கழுத்து நேராக, என் கண்ணைப் பார்த்துத் திருப்பி வைத்தான். "குட்மார்னிங் போசன்" என்றான். "குட்மார்னிங் சார்" என்றேன். அவ்வளவுதான். வாசல் காவல் பையன்கள் மூச்சு விட்டார்கள்.

போன வாரம் நொமுகாவுக்கு நர்ஸம்மாவையும் மருந்துப் பெட்டிகளையும் கொண்டுபோனோம். கரைக்குப் போகும் வழியில் பெரிய அலை. கேப்டன் வேண்டுமென்றே கீழே போய்ப் படுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். கெலெபி மேல்தட்டில் நின்றான். "போசன், படகை இறக்கு. நீயே கொண்டு போ" என்றான். குரல் கொஞ்சம் பிசிறியது. மற்றபடி தெளிவாகச் சொன்னான். போனேன். நர்ஸம்மா வழி முழுக்க ஜெபம் செய்துகொண்டே வந்தார். ஒரு பெட்டிகூட நனையவில்லை. திரும்பி வந்து ஏறும்போது உதடு உப்பாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு வேலை செய்த அசதி, மற்ற அசதி இல்லை.

ஃபெட்டூ வீட்டுக்கு கெலெபி சனிக்கிழமைதோறும் போகிறான். முதல் இரண்டு தடவை ஃபெட்டூவின் மனைவி கதவைத் திறக்கவில்லை. கிழங்கை வாசலில் வைத்துவிட்டு வந்தான். மூன்றாம் தடவை திறந்து, "உள்ள வந்து சாப்பிட்டுப் போங்க" என்றாளாம். அத்தை மெலனைதே மட்டும் இன்னும் என்னோடு பேசவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் நன்றாக இருக்கும்.

ஆக, நான் கேட்டது கிடைத்துவிட்டது அம்மா. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

போன புதன்கிழமை மழையென்று டெக்கில் உட்கார முடியவில்லை. தட்டோடு உள்ளே போனேன். கெலெபியும் இருந்தான். பௌலியாசி என்னைப் பார்க்காமல் எதையோ சொல்லிவிட்டார், கல்யாணமான ஆண்கள் பேசுகிற பேச்சு. சொன்ன பிறகுதான் பார்த்தார். முன்பென்றால் கெலெபி தட்டை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பான். அவன் எழுந்திருக்கவில்லை. சிரித்தான். உடனே எல்லோரும் சிரித்தார்கள், அணை திறந்த மாதிரி. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு மழையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஞாயிறன்று கோயில் விருந்தில் பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவன் அந்தப் பக்கமிருந்து, "போசன், அந்தத் தண்ணிக் குடத்த இப்படி நகர்த்து" என்றான். பழக்கத்தில் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். நான் நகர்த்தினேன். "மாமா ஏன்மா உன்னைப் பேரில்லாத ஆளு மாதிரி கூப்பிடுறாரு?" என்று லூப்பே கேட்டாள். அது வேலைப் பேரு, பெரிய பேரு என்று சொன்னேன். பெரிய பேருதானே அம்மா.

அவனிடம் இதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள். மறுபடி தொப்பியைக் கழற்றிவிடுவான், நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

அவன் போனில் பேசும்போது, என்னைப் பற்றி ஏதாவது சொல்வான். போசன் இப்படிச் செய்தாள், போசன் அப்படிச் சொன்னாள் என்று சொன்னால், நடுவில் ஒரே ஒரு தடவை, தெரியாத மாதிரி, "யாரு, உங்க அக்காவா?" என்று மட்டும் கேளுங்கள். அவன் "ஆமாம்மா" என்று சொல்வான். அதை அவன் வாயால் சொல்லட்டும். போதும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் மூத்த மகள்
லெசீலி